ஏழு மணித்தியாலங்கள்

ஓர் ஆபத்தைப் பற்றிய செய்தியை எல்லார்க்கும் ஒரே நேரத்தில், ஒரே சொற்களில், விலையேதுமின்றி அறிவித்துவிட்டால், அறிவித்தவன் தன் கடமையை முற்றாக நிறைவேற்றிவிட்டவனாவானா? மேலெழுந்தவாரியாகப் பார்ப்போர்க்கு இது ஒரு வினாவாகவே தோன்றாது. ஆம் என்று விடையிறுத்துவிட்டு, சமத்துவத்துக்கு இதனினும் வேறென்ன வேண்டுமென நம்மையே திருப்பிக் கேட்பர். ஆனால் 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திற் கணனி உலகில் நிகழ்ந்த சம்பவமொன்று இவ்விடையை அத்துணை இலேசாக ஏற்றுக்கொள்ளவொட்டாமல் நம்மைத் தடுக்கிறது. தொழில்நுட்பவியலாளர் அதனைத் தம் துறைக்குள் நேர்ந்த ஒரு விபத்தாகப் பேசி முடித்துவிட்டனர். சமுதாய நீதியில் அக்கறை கொண்ட ஆசிரியரும் மாணவரும் அதனை அவர்களிடமே விட்டுவிடுதல் தகாது என்பது நமது எண்ணம்.

ட்ரூபல் என்பது இணையத்தளங்களை ஆக்குவதற்கும் நடத்துவதற்கும் பயன்படும் ஒரு மென்பொருள். கணனிமொழி அறியாத ஒருவரும் கட்டுரையையோ செய்தியையோ படத்தையோ தளத்தில் ஏற்றவும் திருத்தவும் அகற்றவும் அது வழிசெய்கிறது. பெல்ஜிய நாட்டின் அன்ற்வேர்ப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த ட்ரீஸ் பௌடாட் என்பவர் தொடங்கிய இம்முயற்சி 2001ஆம் ஆண்டில் எவரும் எடுத்தாளத்தக்க பொதுச்சொத்தாக வெளியிடப்பட்டது. கிராமம் என்று பொருள்படும் டச்சுச் சொல்லொன்றைத் தம் தளத்துக்குப் பெயராக்க எண்ணிய அவர் எழுத்து மாறித் தட்டிவிட, ஆங்கிலத்தில் துளி என்று பொருள்படும் சொல் வந்து வாய்த்ததாம். துளிக்குரிய டச்சுச் சொல்லின் ஒலியிலிருந்தே ட்ரூபல் என்ற பெயர் பிறந்தது. பெயர் கைதவறிப் போனபோதும் அவர் முதலில் நினைத்த கிராமம் நனவாகிற்று. பல நாடுகளிலுமிருந்து முன்வந்தவர்கள், அவர்களுட் பலர் ஊதியமின்றி, அம்மென்பொருளை வரிவரியாக எழுதி வளர்த்தனர். அதனை எடுக்கலாம், உள்ளே பார்க்கலாம், மாற்றலாம், பிறர்க்கு வழங்கலாம். எவரும் விலை கேட்பதில்லை.

அவ்வாறு எடுத்தோர் யார்? பல்கலைக்கழகங்கள், நூலகங்கள், தொண்டர் அமைப்புக்கள், நகரசபைகள் எனப் பட்டியல் நீளும். 2009ஆம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதியின் வெள்ளை மாளிகைத் தளமும் ட்ரூபலுக்கு மாறிற்று. தொழிற்சங்கத்துக்கும் வல்லரசுக்கும் வாசலிலே ஒரே பூட்டுத் தொங்கிற்று என்பதை வாசகர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் வரும் வாதம் அதனைப் பற்றியதே.

இனி அப்பூட்டின் குறையை விளக்குதல் அவசியம். தகவல்களை அட்டவணைகளாகப் பேணும் தரவுத்தளம் இத்தகைய இணையத்தளங்களுக்குப் பின்னால் இருக்கிறது. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கார் கொட் 1970இல் வகுத்த கொள்கையை அடியொற்றி, அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லின், றேமண்ட் பொய்ஸ் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்ட மொழியே, அத்தரவுத்தளத்தோடு உரையாடுவதற்கு இன்றுவரை கையாளப்படும் எஸ்.கியூ.எல். என்பதன் மூலவடிவம். கணனிப் பயிற்சியில்லாத சாதாரண உத்தியோகத்தரும் வினவத்தக்கதாக, இயல்பான ஆங்கில வாக்கியம்போல அஃது இருத்தல் வேண்டுமென அவர்கள் விரும்பினர். விருப்பம் உயர்ந்ததே. ஆயினும் மனிதர் பேச்சுக்கு உள்ள ஒரு பலவீனமும் அதனோடு கூடவே வந்து சேர்ந்தது. கட்டளையும் கட்டளைக்குள் வரும் பெயரும் ஒரே எழுத்தால், ஒரே வாக்கியத்தில், ஒரே ஓட்டமாகச் செல்கின்றன. எது ஏவுவது, எது ஏவப்படும் பொருள் என்பதை வாசிப்பவனே பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

ஒரு கந்தோரை நினைத்துக்கொள்வோம். வாசலில் இருப்பவன் வருவோரின் பெயரை வாங்கி, முன்னரே எழுதிவைத்த வாக்கியமொன்றின் வெற்றிடத்தில் நிரப்பி உள்ளே அனுப்புகிறான். உள்ளே இருக்கும் எழுதுவினைஞர் அட்சரம் பிசகாமல் அதன்படி செய்பவர். சொந்தமாக எதையும் எண்ணாதவர். வாக்கியம் இது: ‘........ என்று இடாப்பிற் பதிக.’ கந்தையா வந்தால் ‘கந்தையா என்று இடாப்பிற் பதிக’ என்றாகும். தீங்கொன்றுமில்லை. வேறொருவன் வருகிறான். பெயரெழுத வேண்டிய இடத்தில் அவன், ‘கந்தையா என்று இடாப்பிற் பதிக; பெட்டகத்தைத் திறந்து விடுக; முருகேசு’ என எழுதிக் கொடுக்கிறான். வாசற்காரன் அதனைப் பெயரென்றே எண்ணி வெற்றிடத்தில் நிரப்புகிறான். உள்ளே செல்லும் வாக்கியம், ‘கந்தையா என்று இடாப்பிற் பதிக, பெட்டகத்தைத் திறந்து விடுக, முருகேசு என்று இடாப்பிற் பதிக’ என்பதாகும். இலக்கணப் பிழையேதும் அதில் இல்லை. எழுதுவினைஞர் எழுந்து சென்று பெட்டகத்தைத் திறக்கிறார்.

தமிழிலே பிறர் கூற்றையும் நம் கூற்றையும் பிரித்துக் காட்டும் வேலியாக நிற்பது ‘என்று’ என்னும் ஒரு சிறு சொல். ‘போ என்றான்’ என நாம் ஒரு கதையைச் சொல்லும்போது கேட்டிருப்போர் எழுந்து போய்விடுவதில்லை. அவ்வேலியை நாட்டும் உரிமை பேசுபவர்க்கு உரியது. பேசப்படுபவனே அதைப் பிடுங்கித் தன் விருப்பப்படி நடுவிலே நாட்டிக்கொண்டால், அவனுடைய பெயர் நம்முடைய ஆணையாகிவிடுகிறது. எஸ்.கியூ.எல். உட்செலுத்தல் என்று துறைசார்ந்தோர் கூறும் குறைபாடு இதுவே. 1998ஆம் ஆண்டு டிசெம்பரில் ‘பிராக்’ என்னும் சஞ்சிகையில் இதன் தன்மை பகிரங்கமாக விவரிக்கப்பட்டது. கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் இது மறையவில்லை.

இதற்குப் பரிகாரம் நெடுங்காலமாகவே அறியப்பட்டது. வாக்கியத்தை வெற்றிடத்தோடு ஒரு கடதாசியிலும், பெயரை வேறொரு கடதாசியிலும், இரண்டையும் ஒன்றுசேர்க்காமல் உள்ளே கொடுத்தல் வேண்டும். எழுதுவினைஞர் முதலாவதை மாத்திரமே ஆணையாக ஏற்பார். இரண்டாவதில் என்ன எழுதியிருப்பினும் அது வெறும் பெயரே. 2011 ஜனவரி 5ஆந் திகதி வெளிவந்த ட்ரூபலின் ஏழாம் பதிப்பு இம்முறையைத் தழுவியே தரவுத்தளத்துக்கும் வெளியுலகுக்கும் நடுவே ஒரு காவற்படலத்தைக் கட்டிக்கொண்டது. தனித்தனியே காவல் செய்யவேண்டா, இப்படலத்தினூடாகச் செல்லுங்கள், அதுவே உங்களைக் காக்கும் என்பது அதனைப் பயன்படுத்துவோர்க்குச் சொல்லப்பட்ட விதி. விதியைக் கைக்கொண்டோர் நல்ல மாணாக்கர் என மதிக்கப்பட்டனர்.

ஆனால் அக்காவற்படலத்திலேயே ஓட்டை இருந்தது. பல பெயர்களை ஒருங்கே விசாரிக்க வேண்டி வரும்போது ஒரு வெற்றிடத்தைப் பல வெற்றிடங்களாக விரிக்கவேண்டும். அவை ஒன்றோடொன்று மயங்காதிருக்க முதலாவது, இரண்டாவது என ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கச் சீட்டு ஒட்டவேண்டும். வெற்றிடத்தின் சீட்டு வாக்கியத்துக்குரியது. எனவே ஆணையின் ஒரு பகுதி. இச்சீட்டுக்களைக் காவற்படலம் தானே எழுதியிருத்தல் வேண்டும். அதற்கு மாறாக, வந்த பொதிகளில் ஏற்கெனவே ஒட்டப்பட்டிருந்த சீட்டுக்களை எடுத்துப் பயன்படுத்திற்று. அவை எப்போதும் இலக்கங்களாகவே இருக்கும் என்பது எழுதியவர்களின் எண்ணம். அனுப்புபவன் சீட்டிலும் தான் விரும்பியதை எழுதலாம் என்பதை எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. பொதியைத் துருவித் துருவிச் சோதித்தவர்கள் பொதியின்மேல் ஒட்டியிருந்த சீட்டை நம்பினர்.

விளைவு கொடியது. உள்நுழைவதற்கான பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் முதற்பக்கமே போதும்; கடவுச்சொல் ஏதும் அறியாத அந்நியன் தரவுத்தளத்தை முற்றாகத் தன்வசமாக்கலாம். திருத்தமோ ஒரேயொரு வரி. வந்த சீட்டுக்களை எறிந்துவிட்டு முதலிலிருந்து நீயே இலக்கமிடு என்பதே அவ்வரியின் பொருள்.

ஜேர்மனிய நிறுவனமொன்று தன் வாடிக்கையாளருக்காக ட்ரூபலின் மூலநிரலைப் பரிசோதித்தபோது இக்குறையைக் கண்டு, 2014 செப்ரெம்பர் நடுப்பகுதியில் ட்ரூபலின் பாதுகாப்புக் குழுவினர்க்கு அறிவித்தது. அறப் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது.

திருத்தம் ஒரு வரி என்றோம். அவ்வரி வெளியானவுடன் பழைய நிரலையும் புதிய நிரலையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவனும் ஓட்டை எங்கே இருந்ததென்பதை நொடியில் அறிவான். ஆதலின் மருந்தை வெளியிடுவதும் நஞ்சைச் செய்யும் முறையை வெளியிடுவதும் ஒரே செயலாயின. வெளியிடாதிருக்கவும் முடியாது. இன்று ஒருவர் கண்டதை நாளை வேறொருவர் காண்பார். அவர் சொல்லாமலே பயன்படுத்துவார். மௌனம் சாதித்தல் தளங்களைக் காத்திராது. பாதிக்கப்பட்டோர் தாம் பாதிக்கப்பட்டதையே அறியாதிருந்திருப்பர். எனவே வெளியிட்டது சரி என்பதில் நமக்கு ஐயமில்லை. கேள்வி எப்போது, எவ்வாறு என்பதே.

ஒரு மாதம் காத்திருந்தனர். செப்ரெம்பர் இறுதியில் அம்ஸ்ரடாம் நகரில் ட்ரூபல் சமூகத்தாரின் பெருமாநாடு கூடவிருந்தது. திருத்தத்தைச் செய்யவேண்டியோர் பயணத்திலும் மாநாட்டிலும் இருப்பராகையால், அது முடிந்தபின் வரும் வழக்கமான வெளியீட்டு நாளான ஒக்ரோபர் 15ஆந் திகதி புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்ததாகப் பின்னர் அவர்களே விளக்கினர். மறைக்காமற் சொன்னது பாராட்டுக்குரியது. எனினும் இவ்விளக்கத்தில் தம்மையறியாமலே அவர்கள் ஓர் அளவுகோலைப் பிடித்திருப்பதை நாம் காணாதிருக்க முடியாது. அம்ஸ்ரடாமுக்குச் செல்லும் வசதி படைத்தவனே அங்கு கருத்திற் கொள்ளப்பட்ட மனிதன். அவனுடைய நாட்குறிப்பைப் பார்த்தே நாள் குறிக்கப்பட்டது. செல்ல இயலாத பெரும்பான்மையோரின் நாட்குறிப்பு எவருடைய மேசையிலும் இருக்கவில்லை.

ஒக்ரோபர் 15ஆந் திகதி, உலகப் பொதுநேரம் பிற்பகல் நான்கு மணியளவில் அறிவிப்பு வெளியாயிற்று. மணிக்கணக்கிலே தாக்குதல்கள் தொடங்கிவிட்டன. மனிதர் ஒவ்வொரு தளமாகத் தேடிச்செல்லவில்லை. இயந்திரங்களே தளத்துக்குத் தளம் சென்று கதவுகளைத் தட்டின. இரண்டு வாரங்களின் பின், ஒக்ரோபர் 29ஆந் திகதி, பாதுகாப்புக் குழுவினர் மற்றுமோர் அறிவித்தலை விடுத்தனர். அறிவிப்பு வெளியான அன்றைய தினம் பொதுநேரம் இரவு பதினொரு மணிக்கு முன், அதாவது ஏழு மணித்தியாலங்களுக்குள், திருத்தம் செய்யப்படாத ட்ரூபல் ஏழாம் பதிப்புத் தளங்கள் யாவும் எதிரியின் கைக்குப் போய்விட்டன என்று கொண்டே மேற்கொண்டு செயலாற்றுக என்பது அதன் சாரம். பின்னர் திருத்தத்தைச் செய்துகொண்டதாற் பயனில்லை. கதவைப் பூட்டும்போது கள்வன் உள்ளேயே இருக்கலாம். இன்னொரு விசித்திரமான எச்சரிக்கையும் அதில் இருந்தது. தாம் திருத்தாத தளம் தானே திருத்தப்பட்டிருக்கக் கண்டால் மகிழ்ச்சியடைய வேண்டா, அஞ்சுக என்றனர். ஏனெனில் நுழைந்தவர்களுட் சிலர் வேறெவரும் தமக்குப் போட்டியாக வந்துவிடாதபடி, நுழைந்த ஓட்டையைத் தாமே அடைத்துவிட்டிருந்தனர். உடைமையுணர்வு எவ்வளவு விரைவாகப் பிறந்துவிடுகிறது பாருங்கள்.

ஏழு மணித்தியாலங்கள். கடிகாரத்தை எடுத்து வைத்துப் பார்ப்போம். வாஷிங்ரனில் அது நண்பகல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி மாலை ஏழு மணிக்கு முடிந்தது. சம்பளம் பெறும் பொறியியலாளர் தம் ஆசனங்களில் இருந்த வேளை. பேர்லினில் மாலை ஆறு மணி முதல் பின்னிரவு ஒரு மணி வரை. வீட்டுக்குப் போனவரைத் திருப்பி அழைக்கலாம். இலங்கையில் இரவு ஒன்பதரை மணிக்குத் தொடங்கி அதிகாலை நான்கரை மணிக்கு முடிந்தது. மணிலாவில் சரியாக நள்ளிரவு தொடங்கிக் காலை ஏழு மணி வரை. ஆசியாவின் பெரும்பகுதிக்கு அறிவிப்பும் ஆபத்தும் அழிவும் ஒரே உறக்கத்துக்குள் வந்து போயின. இதை எவரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. திட்டமிடாமலே இப்படி நேர்ந்துவிடுகிறது என்பதுதான் சிந்திக்க வேண்டியது.

நாடுகளுக்கிடையே மாத்திரமா இவ்வேறுபாடு? ஒரே நகரத்துக்குள்ளும் உண்டு. பெருநிறுவனமொன்றில் இரவும் பகலும் இயந்திரங்களைக் கண்காணிக்கும் ஊழியர் முறைபோட்டு இருப்பர். தளங்களைத் தம் கணனிகளில் வைத்து வாடகைக்கு நடத்தும் பெரிய நிறுவனங்கள் சில, அன்றைக்கே தம்மிடம் பணம் செலுத்தும் வாடிக்கையாளர் அனைவர்க்கும் முன்னால் ஒரு பொதுக் கேடயத்தைப் பிடித்தன. மறுபுறத்தில் ஆசிரியர் சங்கமொன்றை எண்ணிப் பாருங்கள். அதன் தளத்தைப் பராமரிப்பவர் பகல் முழுதும் வகுப்பில் நின்று, மாலையிற் பரீட்சைத் தாள்களைத் திருத்தி, ஓய்ந்த நேரத்தில் அன்பின்பேரில் அவ்வேலையைச் செய்யும் ஒருவராகவே இருப்பார். அறிவிப்பு அவருக்கும் வந்தது. அதே கணத்தில், அதே சொற்களில், விலையேதுமின்றி வந்தது. அவர் உறங்கிக்கொண்டிருந்தார்.

1875ஆம் ஆண்டிற் கோதா வேலைத்திட்டத்தை விமர்சித்த கார்ள் மார்க்ஸ், சமமற்ற மனிதர்மீது ஒரே அளவுகோலைப் பிரயோகிக்கும் சம உரிமையானது தன் உள்ளடக்கத்திற் சமமின்மையின் உரிமையாகவே முடிகிறதென்று காட்டினார். அவர் பேசியது உழைப்புக்கேற்ற ஊதியத்தைப் பற்றி. ஆயினும் தகவலுக்கும் அது பொருந்தும் என்பது நமது துணிபு. தகவல் சமமாகப் பங்கிடப்பட்டது. தகவலைச் செயலாக்கும் நேரமும் ஆளும் விழிப்பும் பங்கிடப்படவில்லை. பின்னவை இல்லாதவனுக்கு முன்னது கிடைத்ததாற் பயன் என்ன? பயனில்லை என்பதோடும் முடியவில்லை. அவனைத் தாக்க வருபவனுக்கும் அதே தகவல் அதே கணத்திற் கிடைத்தது. தாக்குபவனிடமோ உறங்காத இயந்திரம் இருந்தது.

அப்படியாயின் முக்கியமானவர்களுக்கு முன்கூட்டியே இரகசியமாகச் சொல்லியிருக்கலாமே என்று சிலர் வாதிப்பர். இவ்வாதம் கருணையின் வேடம் பூண்டு வருவதால் அதனைக் கூர்ந்து நோக்கவேண்டும். யார் முக்கியமானவர்? அப்பட்டியலை எழுதும் பேனை எவர் கையில் இருக்கும்? வெள்ளை மாளிகை அதில் இருக்கும், வங்கி இருக்கும். ஆசிரியர் சங்கம் இருக்காது. பட்டியலில் உள்ளோர் தொகை பெருகப் பெருக இரகசியமும் கசியும். கசிந்தபின் பட்டியலில் இல்லாதவனே முதலில் அடிபடுவான். ஆகவே முன்கூட்டிச் சொல்லும் முறை, பின்னால் நிற்பவனை இன்னும் பின்னுக்குத் தள்ளுவதாகவே முடியும். ஒரே கணத்தில் எல்லார்க்கும் சொன்னது குறையுள்ள நீதி எனினும், இருந்த வழிகளுட் குறைந்த அநீதி அதுவே என்று நாம் கருதுகிறோம்.

ஆனால் அக்குறைந்த அநீதியோடு அமைதியடைந்துவிட நாம் ஆயத்தமாயில்லை. வெளியீட்டு நாளுக்குச் சில தினங்கள் முன்னதாக, ‘இன்ன திகதியில் இன்ன மணிக்கு மிகப் பாரதூரமான திருத்தமொன்று வரும், விழித்திருங்கள்’ என்று, ஓட்டையின் தன்மையைச் சொல்லாமலே அறிவித்திருக்கலாம். அறிவிப்பு வரும் நேரத்தை உறங்கும் கண்டமொன்றின் மேல் விழாதவாறு ஆராய்ந்திருக்கலாம். வீண் ஆசையன்று இது. 2018 மார்ச் மாதத்தில் ட்ரூபலில் வேறொரு பாரதூரமான குறை காணப்பட்டபோது, திருத்தம் வெளிவருவதற்கு ஒரு வாரம் முன்னரே நாளும் நேரமும் குறித்து அதே குழுவினர் முன்னறிவித்தல் விடுத்தனர். முன்னறிவித்தல் உறங்குபவனுக்கு ஆளைக் கொடுக்காது; விழித்திருப்பதற்கான வாய்ப்பையேனும் கொடுக்கும்.

இன்னொரு குற்றச்சாட்டையும் எதிர்கொள்வோம். திருத்தாதவன் அசட்டையாயிருந்தவன், அவனுக்கு நேர்ந்தது அவன் வினை என்று கைகழுவிவிடும் மனப்பான்மை கணனித் துறையிலே வேரூன்றியிருக்கிறது. அசட்டை என்ற சொல்லைச் சற்று நிதானித்தே ஆளவேண்டும். அது பொருந்தும் இடமும் உண்டு. பிரித்தானியத் தொலைத்தொடர்பு நிறுவனமான டோக்டோக் 2015 ஒக்ரோபரில் இதே இனத்துக் குறைபாட்டினால் தாக்கப்பட்டு, 156,959 வாடிக்கையாளரின் விபரங்கள் பறிபோயின. அவர்களுள் 15,656 பேருடைய வங்கிக் கணக்கு விபரங்களும் சென்றன. 2009இல் வேறொரு நிறுவனத்தின் பிரித்தானியப் பகுதியை விலைக்கு வாங்கியபோது கூடவே வந்த பழைய பக்கங்களில் அவ்வோட்டை இருந்தது. தரவுத்தளத்திலிருந்த ஒரு வழுவுக்கான திருத்தம் மூன்றரை வருடங்களுக்கு மேலாக எவரும் எடுத்துக்கொள்ளத்தக்கதாக வெளியிற் கிடந்தது. மூன்றரை வருடங்களை ஏழு மணித்தியாலங்களுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். இலட்சக்கணக்கான சந்தாதாரரிடம் மாதாமாதம் பணம் பெறும் நிறுவனத்துக்கு ஆளில்லை என்று சொல்ல நாவெழாது. 2016இல் விதிக்கப்பட்ட தண்டம் 400,000 பவுண். வகுத்துப் பார்த்தால் விபரம் இழந்த ஒருவர்க்கு இரண்டரைப் பவுண் வீதம் வருகிறது. அதுவும் இழந்தவர் கைக்குச் செல்வதன்று.

அங்கே அசட்டை என்ற சொல் போதாது எனலாம். ஆனால் ட்ரூபல் தளத்தை நடத்திய ஆசிரியருக்கு அச்சொல் எவ்வாறு பொருந்தும்? அவர் விதியை மீறவில்லை. காவற்படலத்தினூடாகவே செல் என்றார்கள், சென்றார். விதியைக் கைக்கொண்டதனாலேயே அவர் அகப்பட்டார். உறங்கியது குற்றமெனில் உழைப்பவன் ஒவ்வொருவனும் நாள்தோறும் அக்குற்றத்தைச் செய்துகொண்டுதான் இருக்கிறான்.

அப்படியானால் காவற்படலத்தை எழுதியவர்கள்மீது பழியைப் போடுவோமா? இதுவும் அவ்வளவு இலேசானதன்று. பொதுச்சொத்தான மென்பொருளைப் பற்றி ஒரு நம்பிக்கை நிலவுகிறது. மூலநிரல் எல்லார் கண்முன்னும் திறந்துகிடப்பதால் எல்லாரும் பார்ப்பர், எல்லாரும் பார்ப்பதாற் குறைகள் ஒளிந்திருக்க முடியாது என்பதே அது. பொதுவுடைமையில் நம்பிக்கையுள்ள நம்மவர்க்கு இக்கூற்று இனிமையாகவே ஒலிக்கும். இனிமையாக ஒலிப்பதனாலேயே அதனைக் கூடுதலாகச் சந்தேகிக்கவேண்டும். 2011 ஜனவரி முதல் 2014 செப்ரெம்பர் வரை அவ்வரி எல்லார் முன்னிலையிலும் கிடந்தது. 2013 நவம்பரில் ட்ரூபலின் பகிரங்கப் பிழைப்பட்டியலில் ஒருவர் அதே இடத்தைச் சுட்டி, சீட்டுக்கள் சரியாகக் கையாளப்படவில்லை என்று எழுதியுமிருந்தார். அது சாதாரண வழுவாகக் கொள்ளப்பட்டு மற்றைய வழுக்களோடு வரிசையிற் காத்திருந்தது. நோயின் குறி கண்ணிற்பட்டது, நோய் படவில்லை.

திறந்திருத்தல் என்பது வாசிப்பதற்கான அனுமதி. வாசிப்போ உழைப்பு. பல்லாயிரம் வரிகளை, எழுதியவன் எண்ணியதை விட்டுவிட்டு எழுதியிருப்பதையே பார்த்து, ‘இச்சீட்டில் இலக்கத்துக்குப் பதில் வேறேதும் வந்தால்?’ என்று ஒவ்வோர் இடத்திலும் ஐயுற்று வாசித்தல், கவிதை வாசிப்பது போன்றதன்று. அதற்கு நாட்கணக்கான நேரம் வேண்டும். நேரத்துக்குச் சோறு வேண்டும். ஈற்றில் அவ்வரியை அவ்வாறு வாசித்தவர் யார்? பணம் கொடுத்து அமர்த்தப்பட்ட பரிசோதகர். முன்வந்த தொண்டர்களின் குறை என்று இதனைக் கூறுதல் நன்றிகேடாகும். இம்மென்பொருளின்மேல் தம் வணிகத்தை அமைத்துக்கொண்ட எத்தனையோ நிறுவனங்கள், அதனை உருவாக்கியவரே 2007இற் கூட்டாக நிறுவிய நிறுவனம் உட்பட, உலகில் இருந்தன. அவற்றுட் சில திருப்பிக் கொடுத்தன என்பதும் உண்மை. எடுத்தவர் அனைவரும் எடுத்ததற்கேற்ப வாசிப்புக்கும் ஊதியம் கொடுத்திருப்பின் மூன்றே முக்கால் ஆண்டு அவ்வரி கிடந்திருக்குமா? ஊர்க்குளத்தில் எல்லாரும் நீரள்ளலாம் என்பது நல்ல சட்டமே. வயலுக்கு இயந்திரம் வைத்து இறைப்பவனும் குடத்தில் மொள்பவளும் தூர்வாரும் நாளில் ஒரே அளவு உழைப்பைக் கொடுத்தால் போதும் என்பதோ, இறைப்பவன் வரவேமாட்டான் என்பதோ நல்ல சட்டமன்று.

இடையே ஒரு சங்கடமான விடயத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 2016 ஏப்ரிலில் பனாமாவின் மொசாக் பொன்சேகா சட்ட நிறுவனத்திலிருந்து ஒரு கோடியே பதினைந்து இலட்சம் ஆவணங்கள் வெளிவந்து, உலகச் செல்வந்தர் பலர் தம் பணத்தை ஒளித்துவைத்த விதம் அம்பலமாயிற்று. அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர் தளம் நெடுநாள் புதுப்பிக்கப்படாத ட்ரூபல் ஏழாம் பதிப்பொன்றில் இயங்கிற்றென்று அப்போது பத்திரிகைகள் எழுதின. ஆவணங்கள் அவ்வழியாகவே வந்தன என்று நிறுவப்பட்டதில்லை. நாமும் அவ்வாறு கூறமுற்படோம். ஆயினும் இச்செய்தியைக் கேட்ட முற்போக்கு நண்பர்கள் பலர், ஓட்டைகள் வாழ்க என்று மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி விளங்கிக்கொள்ளத்தக்கதே. ஆனால் அதனைக் கொள்கையாக்கிவிட முடியாது. ஒக்ரோபர் 15ஆந் திகதி இரவு தளத்துக்குத் தளம் சென்று தட்டிய இயந்திரங்கள் எவன் செல்வந்தன், எவன் ஏழை என்று விசாரித்துத் தட்டவில்லை. கோட்டைக்குள் இருப்பவனுக்குக் காவலாளர் உண்டு. குடிசைக்காரனுக்கே கதவின் பலம் வேண்டும். ஓட்டையால் வரும் நீதியை நம்பியிருப்பவன், அவ்வோட்டையாற் பெரும்பாலும் யார் அழிகிறார் என்ற கணக்கையும் பார்த்தல் வேண்டும்.

ட்ரூபல் ஏழாம் பதிப்புக்கு அதன் சமூகத்தார் அளித்துவந்த பாதுகாப்பு ஆதரவு 2025 ஜனவரி 5ஆந் திகதியோடு, வெளிவந்து சரியாகப் பதினான்கு ஆண்டுகள் நிறைந்த நாளில், முடிவுற்றது. முதலிற் குறித்த தவணை 2021 நவம்பர். பெருந்தொற்றின் நெருக்கடியைக் கருதி அது பின்தள்ளப்பட்டது, பின்னும் தள்ளப்பட்டது. அதிலிருந்து புதிய பதிப்புக்கு மாறுதல் ஒரு வரியைத் திருத்துவது போன்றதன்று. தளத்தைப் பெரும்பாலும் புதிதாகவே கட்டவேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆள் வேண்டும், ஆளுக்குப் பணம் வேண்டும். மாறியோர் மாறினர். மாறாதிருப்போருக்காகக் கட்டணம் பெற்றுக்கொண்டு பழைய பதிப்பைத் தொடர்ந்து திருத்திக் கொடுக்கும் நிறுவனங்கள் உள. ஊதியமின்றி அதே வேலையைச் செய்ய முன்வந்த தொண்டர்களும் சிலர் உளர். இரவு நேரங்களிற் கூடி, பழைய வரிகளை மறுபடியும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.